போகிறவர்களிடம் கேட்பவள்

நிறுவனத்தை விட்டுப் போகிறவர்களிடம், ஏன் போகிறீர்கள் என்று கேட்பதுதான் யதுஷாவின் வேலை. வேறு வேலைகளும் உண்டு. ஆட்களை எடுப்பது, லீவுக் கணக்குப் பார்ப்பது, இரண்டு பேர் முகம் பார்க்காமல் திரிந்தால் கூப்பிட்டுச் சமாதானம் பண்ணுவது, பிறந்தநாளுக்குக் கேக் சொல்வது, எல்லாம் அவளுடைய பிரிவின் தலையில்தான். ஆனால் பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாக நாடு அல்லாடிய அந்த வருடத்துக்குப் பிறகு, மற்ற வேலைகள் எல்லாம் சுருங்கிப்போய் இந்த ஒன்றுதான் வளர்ந்தது. கொள்ளுப்பிட்டியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் அவளுடைய அலுவலகம். அவுஸ்திரேலியாவின் காப்புறுதி நிறுவனங்களுக்குக் கணக்கு வேலை செய்து கொடுக்கும் இடம். அங்கே கணக்குப் பழகியவர்கள் பாதிப் பேர் அதே அவுஸ்திரேலியாவுக்கே போய்விட்டார்கள்.

சின்ன அறை, இரண்டு கதிரை, மேசையில், அழுகிறவர்கள் கண் துடைக்க ரிசூப் பெட்டி. வருகிறவர்கள் பெரும்பாலும் முன்னேற்றம், அனுபவம், பிள்ளைகளின் படிப்பு என்று சொல்வார்கள். அவள் தலையை ஆட்டிக்கொண்டே தட்டச்சு செய்வாள். ஒரே ஒரு பெடியன் மட்டும், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாதவன், "மிஸ், எனக்குக் களைச்சுப் போச்சு. எங்கயாவது போய்க் களைக்கிறதெண்டாலும் புதுசாக் களைக்கலாமே" என்றான். அதை எந்தப் பிரிவில் பதிவது என்று தெரியாமல் 'தனிப்பட்ட காரணம்' என்று போட்டாள். அன்று முழுக்க அந்தப் பெடியன் சொன்னது காதுக்குள் நின்றது.

அவளுக்கு முப்பத்தாறு வயது. கொக்குவிலில் பிறந்து, சண்டைக் காலத்தில் சின்னப் பிள்ளையாக வெள்ளவத்தைக்கு வந்தவள். அப்பா தபால் திணைக்களத்தில் இருந்தவர், இப்போது இல்லை. அம்மா கௌரி ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில், அம்மாவும் மகளும். பின்னேரமானால் அந்த வீட்டின் வரவேற்பறை பள்ளிக்கூடமாகிவிடும். வாசலில் டியூசன் பிள்ளைகளின் செருப்புகள் குவியும். கௌரிக்கு அறுபத்தாறு வயது. விடிய மரைன் டிரைவில் சிநேகிதிகளோடு நடை, வெள்ளிக்கிழமை கோயில், மாதத்தில் ஒருநாள் பழைய ஆசிரியைகளோடு ஹோட்டலில் மதியச் சாப்பாடு. மகள் வேலை முடிந்து வந்து சோபாவில் விழுந்தால் போனைத் தேய்த்தபடியே அப்படியே கிடப்பாள். அம்மா அதைப் பார்த்து, "எழும்பி முகத்தையாவது கழுவு பிள்ளை" என்பாள். "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் கிடப்பாள்.

கலியாணக் கதை ஒன்று இருந்தது. கம்பஸில் கூடப் படித்த ஜனா. பல வருடப் பழக்கம், இரண்டு வீட்டிலும் தெரியும். அவன் முதலில் ரொறன்ரோவுக்குப் போனான். அவள் பின்னால் போவதாக ஏற்பாடு. அடுத்த வருடம் என்றார்கள், பிறகு கொவிட் முடியட்டும் என்றார்கள், பிறகு அவனுக்கு வேலை நிரந்தரமாகட்டும் என்றார்கள். கடைசியில் ஒருநாள் காலை, வேலைக்குப் போகும் பஸ்ஸில் நின்றபடி போனில் கதைத்துக் கொண்டிருந்தபோது, அது முடிந்துபோனது. சண்டை ஒன்றும் இல்லை. "யது, நாங்கள் இதை இழுத்துக்கொண்டு திரியிறம் என்ன?" என்று அவன் கேட்டான். "ஓம்" என்றாள். பம்பலப்பிட்டிச் சந்தியில் ஆட்கள் இறங்க, கிடைத்த இருக்கையில் உட்கார்ந்தாள். உட்கார இடம் கிடைத்தது ஆறுதலாக இருந்தது என்பதை நினைத்து அவள் பிறகு வெட்கப்பட்டாள்.

அதற்குப் பிறகு பெரியம்மா ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து மாப்பிள்ளைகளைச் சொன்னாள். சாதகங்கள் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. கூட வேலை செய்யும் இளம் பிள்ளைகள் சொன்னார்கள் என்று அவளும் போனில் துணை தேடும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். அதில் முதலில் வந்த ஆள், உயர்தர டியூசனில் அவளுக்குப் பின் வரிசை வாங்கில் இருந்தவன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்த வெட்கத்தில் ஒன்றும் எழுதவில்லை. இன்னொருவன் ஒவ்வொரு இரவும் "சாப்பிட்டாச்சா" என்று மட்டும் கேட்டான். ஒருநாள் அவனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நித்திரையாகிப் போனாள். காலையில் பார்த்தால் முகத்துக்குக் கீழே போன், அதில் பாதி வாக்கியம். மீதியை எழுத மனம் வரவில்லை.

அவளுடைய வாழ்க்கையில் உண்மையாகவே ஓய்வென்று சொல்ல இருந்தது வெள்ளிக்கிழமைப் பின்னேரமும் பர்ஹாவும்தான். பர்ஹா கிராண்ட்பாஸ்காரி. சம்பளப் பிரிவில் வேலை. புருஷன் ராசிக், ஹபீலா என்று ஒரு சின்ன மகள், உம்மா ருக்கியா, எல்லாரும் ஒரே வீட்டில். கொள்ளுப்பிட்டியில் இருந்து கிராண்ட்பாஸ் ஒரு திசை, வெள்ளவத்தை மற்றத் திசை. இருந்தும் வெள்ளிக்கிழமைகளில் பர்ஹா யதுஷாவோடு வெள்ளவத்தைக்கு பஸ் ஏறுவாள். ரயில் பாதையைக் கடந்து, கல்லுகளில் உட்கார்ந்து, இறால் வடை தின்று, அலுவலகத்தில் உள்ள எல்லாரையும் ஒருமுறை திட்டி முடித்துவிட்டு, வந்த வழியே முழுத் தூரமும் திரும்பிப் போவாள். கேட்டால், "கடல் காத்து புடிக்கத்தான்" என்பாள். அவளுடைய வீட்டிலிருந்தும் கடல் தூரமில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை யதுஷா கணினியைத் திறந்தபோது, அன்றைய எக்ஸிட் இன்டர்வியூவுக்கு நேரே பர்ஹாவின் பெயர் இருந்தது. யாரோ பிழையாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் திருத்தப் போனாள். அதற்குள் கதவு தட்டுப்பட்டது. பர்ஹா உள்ளே வந்து, எதிர்க் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள்.

"பிழையாப் போட்டிருக்கினம் என்ன?" என்று யதுஷா கேட்டாள்.

"இல்ல. ராசிக்குக்கு அவுஸ்திரேலியாவுல, பேர்த்ல வேல சரி வந்திட்டு. விசாவும் வந்திட்டு."

"எப்ப?"

"கொஞ்ச நாள் ஆகுது."

"போன வெள்ளிக்கிழமை என்னோடதானே இருந்தனீ?"

பர்ஹா கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "சொல்லத்தான் வந்த. அதுக்கு முந்தின கிழமையும் சொல்லத்தான் வந்த. வாய்க்கு வருதில்ல. நீ இந்த முகத்தப் போட்டுக்கொள்ளுவாய் எண்டு எனக்குப் பயம்."

"எந்த முகம்?"

"இந்தா, இப்ப போட்டிருக்கிற முகம். எல்லாரையும் வழியனுப்புற முகம்."

யதுஷாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தாள். கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். மேலதிகாரிகளின் ஒத்துழைப்பு எப்படி இருந்தது? வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையில் சமநிலை இருந்ததா? இந்த நிறுவனத்தை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா? அந்தக் கடைசிக் கேள்வியில் பர்ஹாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் ரிசூவை இழுத்தாள்.

"என்ட நண்பர் நீதான். நீதான் ஏற்கெனவே இங்க ஈக்கிறியே" என்றாள். மூக்கைத் துடைத்துவிட்டு, "இப்ப நான் ஒண்டு கேக்கட்டா? நீ ஏன் போகாம நிக்கிறாய்?" என்றாள்.

"அம்மா தனிய."

பர்ஹா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். கையெழுத்து வைத்துவிட்டு எழும்பிப் போனாள். யதுஷா திரையில் 'குடும்பக் காரணம்' என்று அடித்தாள். பிறகு கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அடுத்தவர் வந்து காத்திருக்கிறார் என்று போனில் செய்தி வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் தலையிடி என்று சொல்லிவிட்டு நேரே வீட்டுக்குப் போனாள். வரவேற்பறையில் பிள்ளைகள் முக்கோணம் கீறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே கால் வைத்துக் கடந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அடுத்த கிழமை மேலதிகாரி வினோதன் அவளைக் கூப்பிட்டான். அவளை விட இரண்டு மூன்று வயது இளையவன். சிங்கப்பூரில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வந்தவன். 'கல்ச்சர்' என்ற சொல் வாயில் வராமல் அவனால் ஒரு கூட்டத்தை முடிக்க முடியாது. சனிக்கிழமை நீர்கொழும்பில் ஒரு கடற்கரை ஹோட்டலில் எல்லாருக்கும் நலவாழ்வு நாள் வைக்கப் போவதாகச் சொன்னான். விடியவே பஸ். ஒரே நிற ரீசேர்ட். மூச்சுப் பயிற்சி, ஸும்பா ஆட்டம், கயிறிழுப்பு. போகிறவர்களுக்குப் பிரியாவிடையும் அங்கேயே. வராதவர்கள் காரணம் எழுதித்தர வேண்டும்.

"எல்லாத்தையும் நீங்கள்தான் ஒழுங்குபடுத்த வேணும், யது. உங்களுக்குத்தானே ஆக்களைத் தெரியும்."

வழக்கமாக அவள் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள். போன வருடம் பலூன் ஊதியவளும் அவள்தான். அன்று கதிரையில் இருந்து எழும்பவில்லை.

"வினோதன், சனிக்கிழமை வேண்டாம். ஆக்களை வீட்டில விடுவம்."

"அப்ப டீம் கல்ச்சர் எப்பிடி வளரும்?"

"நித்திரை கொண்டா வளரும்" என்றாள். சொன்ன பிறகுதான் அது பகிடி போல ஒலித்தது தெரிந்தது. அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. "நான் ஒவ்வொரு கிழமையும் போறவையோட கதைக்கிறனான். ஒருத்தரும் ஸும்பா இல்லையெண்டு போகேல்லை. சனிக்கிழமையிலயும் போன் அடிக்குது எண்டுதான் போகினம். அவையைச் சிரிக்க வைக்கச் சொல்லி என்னைக் கேக்காதேங்கோ. எனக்கே சிரிக்கத் தெம்பில்லை."

வினோதன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான். கண்ணாடி இல்லாத முகம் வேறு ஆளின் முகம் போல இருந்தது, கண்ணுக்குக் கீழே கருவளையம். "எனக்கும் சனிக்கிழமை மகளின்ர நீச்சல் வகுப்பு" என்றான். "தொடங்கி நாளாச்சு. நான் இன்னும் ஒருக்காலும் போய்ப் பாக்கேல்லை."

பிறகு அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய ஆளானான். சரி, அந்தச் சனிக்கிழமையை எல்லாருக்கும் விடுமுறையாக அறிவிப்போம், அதையே ஒரு முயற்சியாக லிங்க்ட்இன்னில் போடலாம், படம் ஒன்று வேண்டும் என்றான். அவள் படத்துக்கு ஒரு வெற்றுக் கதிரையை எடுத்து அனுப்பினாள். அவன் போட்ட பதிவுக்கு நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை யதுஷா மதியம் நெருங்கும்வரை படுத்திருந்தாள். கௌரி இரண்டு தரம் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மூன்றாம் தரம் பிளேன்ரீயோடு வந்து கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"உடம்பு சரியில்லையோ?"

"இல்லை அம்மா. லீவு."

"அண்டைக்கு ஸ்காபரோவில இருந்து பெரியம்மா போன் எடுத்தவ. அங்க வந்து ஒரு கோர்ஸ் செய்யச் சொல்லி உன்னைக் கேட்டவவாம். அம்மாவைத் தனிய விட்டிட்டு வரேலாது எண்டு சொன்னியாம்."

யதுஷா தேநீரைக் குடித்தாள்.

"நான் உன்னட்டை அப்பிடிச் சொன்னனானோ?" கௌரியின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "ஒருநாளும் சொல்லேல்லை. என்ர பேரைச் சொல்லி நிக்காதை பிள்ளை. நாளைக்கு ஏதுமெண்டா அது என்ர தலையில வரும். எனக்குப் பிள்ளைகள் வருதுகள், கோயில் இருக்கு, சிநேகிதமார் இருக்கினம். உண்மையைச் சொல்லுறதெண்டா, நீ இப்பிடிச் சுருண்டு கிடக்கிற நாளிலதான் எனக்கும் களைப்பு."

சொல்லிவிட்டு, சொன்னது கூடிப்போய்விட்டதோ என்று மகளின் முகத்தைப் பார்த்தாள். யதுஷாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நெடுநாளாகக் கையில் தூக்கிவைத்திருந்த சாமானை யாரோ வாங்கி நிலத்தில் வைத்தது போலவும் இருந்தது, அதோடு கை வெறுமையானது போலவும் இருந்தது.

"அம்மா, எனக்குப் போகவும் விருப்பமில்லை, நிக்கவும் விருப்பமில்லை. ரெண்டில ஒண்டை எடுக்கத் தெம்பில்லை. அவ்வளவுதான். அதைச் சொன்னா ஆரும் விளங்கமாட்டினம். அம்மா எண்டு சொன்னா உடன விளங்கும்."

கௌரி படுக்கை விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். கணக்கென்றால் அவளிடம் வழி இருக்கும். இதற்கு இல்லை. "கத்தரிக்காய் பொரிச்சுக் குழம்பு வைச்சனான். எழும்பிச் சாப்பிடு" என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் யதுஷா கோட்டைக்கு பஸ் எடுத்து, அங்கே வேறு பஸ் மாறி, கிராண்ட்பாஸுக்குப் போனாள். இத்தனை வருடத்தில் பர்ஹாவின் வீட்டுக்கு அவள் போனது பெருநாளைக்கு மட்டும்தான். வழி சரியாக நினைவில்லை. ஒழுங்கை முனையில் நின்ற த்ரீவீல்காரனிடம் சிங்களத்தில் கேட்டாள். அவன் தமிழில் வழி சொன்னான்.

கதவைத் திறந்த ருக்கியா அவளைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்கொ மகள், வாங்கொ. நீங்க கோவத்துல ஈக்கிறதா இவ சொல்லிச் சொல்லி அழுதா." உள்ளே அறை முழுக்கச் சூட்கேஸ்கள். மிளகாய்த்தூள் பொதிகள், கருவாடு, புதுக் கம்பளிச் சட்டைகள், ஹபீலாவின் பொம்மைகள். நடுவில் முக்காடு நழுவப் பர்ஹா நிலத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"உன்ட கோவம் போயிட்டா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"சரி. கோவத்தோடயே இந்தப் பக்கத்தப் பிடி. மூடுப்படுதில்ல."

யதுஷா சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்தாள். பர்ஹா முழங்காலை ஊன்றி ஸிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. திறந்து, கருவாட்டை வெளியே எடுத்து, மறுபடி மூடினார்கள். அந்த வேலைக்கு இடையில் கதைக்க வேண்டியதெல்லாம் கதைத்தார்கள். தான் சொல்லாமல் விட்டது பெரிய பிழை என்று பர்ஹா ஒத்துக்கொண்டாள். பேர்த்தில் யாரையும் தெரியாது, ராசிக் வேலைக்குப் போனால் தானும் பிள்ளையும் நாள் முழுக்க என்ன செய்வதென்றே தெரியவில்லை என்றாள். உம்மாவைத் தம்பி வீட்டில் போய் இருக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாள், இந்த வீட்டில்தான் இருப்பாளாம். அதைச் சொல்லும்போது சமையலறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்டைக்கு நீ கேட்டாய், ஏன் நிக்கிறனெண்டு" என்று யதுஷா சொன்னாள். "அம்மா எண்டு சொன்னது பொய். எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை."

"எனக்கும் ஏன் போறெண்டு சரியாத் தெரியா" என்றாள் பர்ஹா. "எல்லாரும் போறாங்க. ராசிக் போவம் எண்டாரு. வேணாம் எண்டு சொல்ல எனக்கும் ஏலாமப் போச்சு."

இரண்டு பேரும் சூட்கேஸின் மேல் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். ருக்கியா இனிப்புக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து வைத்தாள். இந்த முறை யதுஷாவுக்கு அழுகை வந்தது. பர்ஹா அவளுடைய முதுகைத் தட்டிக்கொண்டே, "வட்டிலப்பத்துல உப்புப் படப்போகுது" என்றாள்.

பர்ஹா போனாள். விமான நிலையத்துக்கு யதுஷா போகவில்லை. அங்கே எல்லா முகமும் வழியனுப்பும் முகமாகத்தான் இருக்கும் என்றாள். பர்ஹாவும் வற்புறுத்தவில்லை.

அதற்கு அடுத்த மாதம், இனி விலகுபவர்களோடு வேறு யாராவது கதைக்கட்டும் என்று அவள் வினோதனிடம் சொன்னாள். அந்த வேலை ரூபிகா என்ற புதுப் பிள்ளைக்குப் போனது. இருபத்துநான்கு வயது. ஐந்து மணி அடித்தால் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவள், சனிக்கிழமை போன் எடுத்தால் திங்கட்கிழமை பதில் சொல்கிறவள். அவள் எல்லாக் கேள்வியையும் மளமளவென்று கேட்டு, தேநீர் குடிக்கும் நேரத்துக்குள் முடித்துவிட்டாள். ரிசூப் பெட்டியை எடுத்து யன்னலோரம் வைத்துவிட்டாள். ஒருவரும் அழவில்லை. யதுஷாவுக்கு முதலில் அது கொஞ்சம் வலித்தது. இத்தனை வருடம் தான் எதைச் சுமந்தோம் என்று யோசித்தாள். "உனக்குக் கஷ்டமா இல்லையா?" என்று ரூபிகாவைக் கேட்டாள். "அவங்கட லைஃப்தானே அக்கா" என்று அவள் சொல்லிவிட்டுப் போனாள். அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. இந்தப் பிள்ளையும் முப்பத்தாறு வயதில் எப்படி இருப்பாளோ என்றும் இருந்தது.

பேர்த்திலிருந்து பர்ஹா போன் எடுக்கும்போது, அங்கே களைப்பு வேறு மாதிரி என்கிறாள். கடைகளைப் பின்னேரமே மூடிவிடுகிறார்கள், ஒழுங்கையில் மனிதச் சத்தம் இல்லை, பேசாமல் இருந்தே களைக்கிறது என்கிறாள். ஹபீலா மட்டும் பள்ளிக்கூடத்தில் சந்தோசமாம். பெரியம்மா இன்னும் அந்தக் கோர்ஸைப் பற்றிக் கேட்கிறாள். யதுஷா இப்போது அம்மாவைச் சொல்வதில்லை. யோசிக்கிறேன் என்கிறாள். யோசிக்கவும் செய்கிறாள், சில நாட்களில்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கிராண்ட்பாஸுக்குப் போகிறாள். ருக்கியாவுக்குப் போனில் வீடியோ அழைப்பு எடுக்கத் தெரியாது, அதை எடுத்துக் கொடுப்பதுதான் அவள் போவதற்குச் சாட்டு. உம்மாவும் மகளும் கதைத்து முடிந்ததும் ருக்கியா சோற்றைப் போடுவாள். போன ஞாயிறு சாப்பிட்ட கையோடு, பர்ஹா படுத்த கட்டிலில் கொஞ்சம் சாய்ந்தவள், அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். ஒழுங்கையில் பெடியன்கள் கிரிக்கெட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். போன் இரண்டு தரம் அதிர்ந்தது. ருக்கியா வந்து அதை எடுத்துத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டு, காற்றாடியை ஒரு படி கூட்டிவைத்துவிட்டுத் தொழப் போனாள்.